அடிமை வச்சிருந்த கென்டக்கி வக்கீல், ப்ளெஸ்ஸி கேஸ்ல எப்படி தனி ஆளா எதிர்த்து எழுதினார்?

கேள்வி இதுதான்: 1896-ல கறுப்பின மக்களுக்குத் தனி ரயில் பெட்டி ஒதுக்கின சட்டம் செல்லும்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல ஏழு ஜட்ஜுங்க சொன்னப்ப, ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருத்தர் மட்டும் செல்லாதுன்னு எழுதினார். ஆனா அவரே தெற்கத்திக்காரர், அடிமை வச்சிருந்தவர், அடிமை ஒழிப்பு சட்டத்தையே எதிர்த்துப் பேசினவர். நிஜமாவே மனசு மாறினாரா, இல்ல பதவிக்காக கட்சி மாறின கேஸா?

ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. ஆனா என் கணிப்பு என்னன்னா, அவர் ஒரு விஷயத்துல கடைசி வரைக்கும் மாறவே இல்ல. நாடு உடையக்கூடாது, அந்த நாட்டோட அரசியல் சாசனத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான் கடைசி பேச்சு. தெற்கு மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரியப் பார்த்த உள்நாட்டுப் போருக்கு முன்னாடி சாசனம் அடிமை முறையை விட்டு வச்சிருந்துச்சு, இவரும் விட்டு வச்சார். போருக்கு அப்புறம் அடிமை முறையை ஒழிச்சு, கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் தர்ற மூணு திருத்தம் சாசனத்துல வந்துச்சு, அதை மத்த ஜட்ஜுங்க பேப்பர்ல இருக்கட்டும்னு விட்டாங்க, இவர் மட்டும் எழுதினது எழுதினதுதான்னு நின்னார். இதை மனசுல வச்சுக்கிட்டு அவர் கதையைப் படிச்சா பாதி குழப்பம் போயிடும், மீதி பாதி போகாது, அதையும் சொல்றேன்.

1833 ஜூன் 1-ல கென்டக்கி மாநிலத்துல டான்வில் ஊருக்குப் பக்கத்துல பொறந்தார். அப்பா ஜேம்ஸ் ஹார்லன் பெரிய வக்கீல், அப்ப பெரிய கட்சியா இருந்த விக் கட்சிக்காரர், அந்தக் கட்சியோட பெரிய தலைவர் ஹென்றி க்ளேயோட சிஷ்யர்னே சொல்லலாம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல உறுப்பினரா இருந்தவர், மாநில அட்டர்னி ஜெனரலாவும் இருந்தவர். புள்ளைக்கு வச்ச பேரைப் பாருங்க, ஜான் மார்ஷல்ங்கிறது அமெரிக்காவோட புகழ்பெற்ற தலைமை நீதிபதியோட பேரு, அதாவது தொட்டில்லயே இவன் வக்கீல் ஆகணும்னு முடிவு பண்ணிட்டாங்க. சென்டர் காலேஜ்ல 1850-ல டிகிரி, அப்புறம் டிரான்சில்வேனியா யுனிவர்சிட்டியில சட்டம், 1853-ல வக்கீல்.

கென்டக்கி பத்தி ஒண்ணு சொல்லியாகணும். அது அடிமை மாநிலம், ஆனா போர்ல பிரிஞ்சு போகாத மாநிலம். அங்க இருந்த பெரிய மனுஷங்களுக்கு ரெண்டு பக்கமும் கால். ஜேம்ஸ் ஹார்லனே அதுக்கு உதாரணம். அவர் வீட்ல அடிமைங்க இருந்தாங்க. அதே நேரம் ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற வழியில அடிமைகளைச் சங்கிலி போட்டு ஓட்டிக்கிட்டு போற ஒரு ஆளைப் பார்த்துட்டு, நடு ரோட்டுல நின்னு விரலை நீட்டி “நீ ஒரு கேடுகெட்ட அயோக்கியன்”னு திட்டிட்டு, குட்மார்னிங்கும் சொல்லிட்டுப் போனாராம். ஜான் ஹார்லனோட மனைவி மல்வினா தன்னோட நினைவுக் குறிப்புல இதை எழுதியிருக்காங்க. அடிமை வியாபாரி அயோக்கியன், அடிமை வச்சிருக்கிற நாம கண்ணியமானவங்க, இப்படித்தான் அந்தக் கூட்டம் தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கிச்சு. இந்த இரட்டை நாக்கு புள்ளைக்கும் ரொம்ப வருஷம் இருந்துச்சு.

அந்த வீட்லயே ராபர்ட் ஹார்லன்னு ஒருத்தர் வளர்ந்தார், அடிமையா பொறந்தவர், கலப்பினம், ஜானை விட பதினேழு வயசு மூத்தவர். அவரை ஜேம்ஸே வீட்ல வச்சு வளர்த்ததால, அவர் ஜேம்ஸோட மகன்தான், ஜானுக்கு அண்ணன் முறைன்னு ரொம்ப காலமா பேச்சு உண்டு. ரத்த சம்பந்தம் உண்டா இல்லையான்னு வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, அதுல நான் போகல. ராபர்ட் கலிஃபோர்னியா தங்க வேட்டையில காசு பார்த்து, சின்சினாட்டியில செட்டில் ஆகி, பந்தயக் குதிரை வச்சு, கடைசியில ஒஹையோ சட்டசபை உறுப்பினர் வரைக்கும் போனார். ரெண்டு பேருக்கும் நடுவுல தொடர்பு விட்டுப் போகல. ரத்த உறவோ இல்லையோ, கறுப்பினத்துல ஒருத்தன் வாய்ப்பு கிடைச்சா எவ்ளோ தூரம் போவான்னு ஜான் ஹார்லனுக்குக் கண்ணு முன்னாடியே ஒரு ஆள் இருந்தார், மத்த எட்டு ஜட்ஜுங்களுக்கு அப்படி ஒரு ஆள் வீட்டுக்குள்ள இருந்ததா தெரியல.

இளவயசு அரசியல் பெருமைப்படுற மாதிரி இல்ல. விக் கட்சி செதறினதும் நோ-நத்திங் கட்சிக்குப் போனார், அது கத்தோலிக்கர்களுக்கும் வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்கும் எதிரான கட்சி. 1858-ல ஃப்ராங்க்ளின் கவுண்டி ஜட்ஜா தேர்தல்ல ஜெயிச்சார், சுப்ரீம் கோர்ட் போறதுக்கு முன்னாடி அவருக்கு இருந்த ஜட்ஜ் அனுபவம் இந்த ஒரு உள்ளூர் பதவி மட்டும்தான். 1859-ல காங்கிரசுக்கு நின்னு வெறும் 67 ஓட்டுல தோத்தார்.

1861-ல போர். கென்டக்கி முதல்ல நாங்க நடுநிலைன்னு அறிவிச்சுச்சு, செப்டம்பர்ல அது காத்துல போச்சு. ஹார்லனுக்கு அப்ப 28 வயசு, வீட்ல பொண்டாட்டி குழந்தைங்க, யாரும் கட்டாயப்படுத்தல, ஆனா தானே ஆள் திரட்டி 10-வது கென்டக்கி காலாட்படைன்னு ஒரு ரெஜிமெண்ட் ஆரம்பிச்சு கர்னல் ஆனார். எதுக்காக சண்டைன்னா, அடிமையை விடுவிக்க இல்ல. இதை அவரே மறைக்கல. நாடு உடையக்கூடாது, அவ்ளோதான். அந்த ரெஜிமெண்ட்ல நிறைய பேர் கத்தோலிக்கர்கள், நோ-நத்திங் கட்சியில இருந்தப்ப எவங்களுக்கு எதிரா மேடை ஏறினாரோ அவங்களையே கூட்டிக்கிட்டு சேத்துலயும் மழையிலயும் நடந்தார், அப்புறம் வாழ்நாள் முழுக்க அவங்களைப் பத்தி மரியாதையாதான் பேசினார். இவர் ஆளுங்களை நேர்ல பார்த்துப் பார்த்துதான் கருத்தை மாத்திக்கிற ரகம்னு எனக்கு தோணுது.

போர்ல பெரிய ஹீரோன்னு சொல்ல முடியாது, சும்மா உக்காந்திருந்தார்னும் சொல்ல முடியாது. 1862 ஜனவரி மில் ஸ்ப்ரிங்ஸ் சண்டைக்கு இவர் படை போய் சேர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சு போச்சு. அதே வருஷம் டிசம்பர் 29-ல, தெற்குப் படையோட பிரபல குதிரைப்படை தளபதி ஜான் ஹண்ட் மார்கன் ரயில் பாலங்களைக் கொளுத்திக்கிட்டே வந்தப்ப, ரோலிங் ஃபோர்க் ஆத்துகிட்ட அவர் படையோட வாலைப் பிடிச்சது ஹார்லன்தான். மார்கனோட மச்சினர் பேசில் டியூக் அதுல குண்டு சிதறல் பட்டு காயம் ஆனார். மார்கன் தப்பிச்சுட்டார். 1863 பிப்ரவரியில அப்பா திடீர்னு செத்துப் போனார், குடும்பமும் அப்பாவோட வக்கீல் தொழிலும் நடு ஆத்துல, அதனால ஹார்லன் ராஜினாமா கொடுத்துட்டு ஊருக்கு வந்தார். பிரிகேடியர் ஜெனரல் பதவி வர்ற நேரம் அது.

இப்ப வர்றதுதான் கேள்வி கேட்டவரை உறுத்துற பகுதி, உறுத்தவும் வேணும். ஊருக்கு வந்து 1863-லயே மாநில அட்டர்னி ஜெனரலா ஜெயிச்சார். லிங்கனோட விடுதலைப் பிரகடனத்தை எதிர்த்தார். 1864 தேர்தல்ல லிங்கனுக்கு எதிரா ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்லெல்லனுக்கு வேலை செஞ்சார். அடிமை முறையை ஒழிச்ச 13-வது திருத்தத்தை வெளிப்படையா எதிர்த்தார், ஒரு மாநிலத்துக்குள்ள யார் யாருக்கு சொத்துன்னு மத்திய அரசு எப்படி சொல்லலாம்னு வாதம். சொந்தமா சில அடிமைங்க இருந்தாங்க, 1865 டிசம்பர்ல அந்தத் திருத்தம் அமலுக்கு வந்து சட்டமே விடுவிக்கிற வரைக்கும் இவரா விடுவிக்கல. கென்டக்கி மாநிலம் அந்தத் திருத்தத்தை முறைப்படி ஏத்துக்கிட்டது எப்பன்னு தெரியுமா, 1976. அந்த ஊர் காத்து அப்படி.

அப்புறம் என்ன நடந்துச்சு? 1867 தேர்தல்ல தோத்தார். பழைய தெற்குப் படை ஆளுங்களை எல்லாம் சேர்த்துக்கிட்டு ஜனநாயகக் கட்சி மாநிலத்தையே வளைச்சுப் போட்டுடுச்சு, இவரை மாதிரி நடுவுல நின்ன யூனியன்காரங்களுக்கு, அதாவது நாடு உடையக்கூடாதுன்னு வடக்குப் பக்கம் சண்டை போட்டவங்களுக்கு, நிக்க இடமே இல்ல. ஒண்ணு அந்தப் பக்கம் போகணும், இல்ல ரிபப்ளிகன் கட்சிக்குப் போகணும். எந்த ஆளுங்களோட சுட்டுக்கிட்டு சண்டை போட்டாரோ அவங்க கட்சிக்குப் போக மனசு வரல, 1868-ல ரிபப்ளிகன் ஆனார். அதனால இது அரசியல் கணக்குன்னு சொல்றவங்க முழுசா தப்பு இல்ல. ஆனா கணக்குன்னு பார்த்தா இது ரொம்ப நஷ்டக் கணக்கு, ஏன்னா கென்டக்கியில ரிபப்ளிகனா நின்னா தோல்விதான். 1871-லயும் 1875-லயும் கவர்னருக்கு நின்னார், ரெண்டு தடவையும் தோத்தார்.

இதே காலத்துல கென்டக்கியில கு க்ளக்ஸ் க்ளான்ங்கிற வெள்ளை இனவெறி ரகசியக் கும்பல் ராத்திரி ராத்திரி வந்து கறுப்பின குடும்பங்களை அடிச்சுக் கொன்னுக்கிட்டு இருந்துச்சு. வெள்ளைக்காரனுக்கு எதிரா கறுப்பர் சாட்சி சொல்லவே மாநில சட்டம் 1872 வரைக்கும் விடல. கண்ணால பார்த்த சாட்சி கறுப்பரா இருந்தா கொலைகாரன் ஜாலியா வெளிய வந்துடலாம். ஹார்லனோட வக்கீல் பார்ட்னர் பெஞ்சமின் பிரிஸ்டோ, மத்திய அரசு வக்கீலா இருந்து இந்தக் கொலைகாரங்களை மத்திய கோர்ட்ல ஏத்தினவர். ஒரே ஆபீஸ்ல உக்காந்து இந்த கேஸ் கதை எல்லாம் கேட்ட ஒரு ஆளுக்கு, ‘மாநில அரசு பாத்துக்கும்’ங்கிற பழைய பேச்சு எவ்ளோ வெத்துப் பேச்சுன்னு புரியாம இருந்திருக்காது. அவர் மாறினதுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

1871 பிரச்சாரத்துல எதிர்க்கட்சிக்காரங்க இவர் பழைய பேச்சை எல்லாம் தோண்டி எடுத்து மேடை மேடையா படிச்சுக் காட்டினாங்க. இவர் மழுப்பல. ஆமா நான் எதிர்த்தேன், ஆனா உலகத்துல இருந்ததுலயே முழுமையான கொடுங்கோன்மை ஆப்பிரிக்க அடிமை முறைதான்னு இப்ப சொல்றேன், அது போனதுல எனக்கு சந்தோஷம்னார். “நான் முன்னுக்குப் பின் முரண் இல்லாதவன்னு பேர் வாங்கறதை விட சரியானவன்னு பேர் வாங்கறேன்”ங்கிற அர்த்தத்துல அவர் சொன்ன வரி இன்னிக்கும் மேற்கோள் காட்டுறாங்க. ஓட்டு கிடைக்கல, வரி நின்னுடுச்சு.

சுப்ரீம் கோர்ட் சீட் எப்படி வந்துச்சுன்னா, அது பக்கா அரசியல். 1876-ல சின்சினாட்டியில ரிபப்ளிகன் மாநாடு, பிரிஸ்டோ ஜனாதிபதி வேட்பாளர் ஆகணும்னு கென்டக்கி பிரதிநிதிகளைக் கூட்டிக்கிட்டு போனவர் ஹார்லன், அது நடக்காதுன்னு தெரிஞ்சதும் மொத்த கூட்டத்தையும் ரூதர்ஃபோர்ட் ஹேஸ் பக்கம் திருப்பி விட்டார். ஹேஸ் ஜெயிச்சார், 1877-ல டேவிட் டேவிஸ் காலி பண்ணின சீட்டுக்கு இவரைப் போட்டார். தெற்கத்திக்காரர் ஒருத்தரைப் போட்டா சமாதானத்துக்கும் ஆச்சு, அதே நேரம் யூனியன் சோல்ஜர். செனட்ல சில ரிபப்ளிகன்களே இந்த ஆளை நம்பலாமான்னு இழுத்தாங்க, நியாயமான சந்தேகம்தான், நான் அங்க இருந்தா நானும் இழுத்திருப்பேன். நவம்பர் 29-ல ஒப்புதல் ஆச்சு. அப்புறம் 1911-ல சாகுற வரைக்கும், கிட்டத்தட்ட 34 வருஷம்.

எல்லாரும் நேரா ப்ளெஸ்ஸிக்குத் தாவிடுவாங்க. எனக்கு 1883 சிவில் ரைட்ஸ் கேஸ்தான் பெருசு. 1875-ல காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுச்சு: ஹோட்டல், தியேட்டர், ரயில், இதுல நிறம் பார்த்து ஆளை விலக்கக்கூடாது, விலக்கினா 500 டாலர் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கணும். அஞ்சு வழக்கு ஒண்ணா சேர்ந்து வந்துச்சு. எட்டு ஜட்ஜுங்க அந்த சட்டம் செல்லாதுன்னுட்டாங்க. ஜஸ்டிஸ் பிராட்லி எழுதினது என்னன்னா, 14-வது திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், ஹோட்டல்காரன் தனி ஆள், அவன் யாரை உள்ள விடுறான்ங்கிறதுல மத்திய அரசுக்கு வேலை இல்ல, விடுதலை ஆனவங்க ஒரு கட்டத்துல சட்டத்தோட செல்லப்பிள்ளையா இருக்கிறதை நிறுத்திக்கணும்னு. அடிமை முறை போயி 18 வருஷம்தான் ஆகியிருந்துச்சு, அதுக்குள்ள செல்லப்பிள்ளையாம்.

ஹார்லன் தனியா எதிர்த்தார். அவரோட வாதத்துல ஒரு இடம் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இருக்கும். போருக்கு முன்னாடி, ஓடிப்போன அடிமையைப் பிடிச்சுக் கொடுக்க காங்கிரஸ் சட்டம் போட்டுச்சு. சாசனத்துல அந்த அதிகாரம் காங்கிரசுக்குன்னு நேரடியா எழுதல. ஆனா இதே கோர்ட் 1842-ல ப்ரிக் கேஸ்ல, எஜமானோட உரிமை சாசனத்துல இருக்கு, அப்ப அதைக் காப்பாத்தற அதிகாரமும் தானா இருக்குன்னு சொல்லுச்சு, ஓடிப்போனவனைப் பிடிக்கிறதும் தனி ஆளுங்க சமாச்சாரம்தான், அப்ப யாரும் மத்திய அரசுக்கு என்ன வேலைன்னு கேக்கல. இப்ப விடுதலை ஆனவனோட உரிமை சாசனத்துலயே இருக்கு, சட்டம் போட காங்கிரசுக்கு அதிகாரம்னு பச்சையா எழுதியும் இருக்கு, இப்ப மட்டும் முடியாதா? எஜமானுக்கு தாராளமா படிச்ச கண்ணு அடிமைக்கு மட்டும் ஏன் சுருங்குது? இதுக்கு அந்த எட்டு பேர்கிட்டயும் உருப்படியான பதில் இல்ல, இன்னிக்கு வரைக்கும் அந்தத் தீர்ப்பை ஆதரிக்கிறவங்ககிட்டயும் நான் பார்த்ததில்ல. கூடவே, ரயிலும் சத்திரமும் தனி ஆள் வீட்டுக் கூடம் இல்ல, பொது சேவை, லைசென்ஸ் வாங்கி நடத்துறது, அதுல நிறம் பார்த்து விலக்குறது அடிமை முறையோட அடையாளம், அதை 13-வது திருத்தமே தடுக்குதுன்னும் எழுதினார். எந்தத் திருத்தத்தை 1865-ல எதிர்த்தாரோ அதையேதான் 1883-ல கையில எடுத்தார்.

இந்த எதிர்ப்புத் தீர்ப்பை ஹார்லன் எழுதினதைப் பத்தி ஒரு மைக்கூட்டுக் கதை உண்டு. 1857-ல ட்ரெட் ஸ்காட் கேஸ்ல, கறுப்பர்கள் குடிமக்களே ஆக முடியாதுன்னு எழுதின தலைமை நீதிபதி டானியோட மைக்கூடு ஹார்லன் கையில இருந்துச்சு. டானி சொந்தத்துல ஒரு அம்மா கேட்டாங்கன்னு அதைத் தந்துடறேன்னு வாக்குக் கொடுத்துட்டார், மல்வினாவுக்கு மனசு இல்ல, எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க. மாசக்கணக்குல இவர் எழுத முடியாம தவிச்சு ராத்திரி தூக்கம் இல்லாம இருந்தப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை இவர் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து அந்த மைக்கூட்டைத் துடைச்சு மை ஊத்தி மேஜை மேல வச்சாங்களாம், வந்து பார்த்ததும் பேனா ஓடிச்சாம். சினிமா மாதிரி இருக்குன்னு நினைச்சா நினைங்க, ஆனா எழுதினது பக்கத்துலயே இருந்த அந்த அம்மாதான், எனக்கு சந்தேகப்பட காரணம் தெரியல. அடிமையா இருந்து தப்பிச்சு கறுப்பின மக்களோட பெரிய தலைவரான ஃப்ரெடரிக் டக்ளஸ் அந்த எதிர்ப்புத் தீர்ப்பைப் படிச்சுட்டு ஹார்லனை மனசாரப் பாராட்டினார்.

சரி ப்ளெஸ்ஸி. லூயிசியானா 1890-ல தனிப் பெட்டி சட்டம் போட்டுச்சு. நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த கறுப்பின, கலப்பின மக்கள் ஒரு குடிமக்கள் கமிட்டி அமைச்சு, வேணும்னே சட்டத்தை மீறி கேஸ் போடலாம்னு திட்டம் போட்டாங்க. ஹோமர் ப்ளெஸ்ஸி எட்டுல ஒரு பங்கு மட்டும் கறுப்பின வம்சாவளி, பார்த்தா வெள்ளைக்காரர் மாதிரி இருப்பார், 1892 ஜூன் 7-ல வெள்ளையர் பெட்டியில ஏறி, தான் யாருன்னு சொல்லி, கைதானார். வக்கீல் ஆல்பியன் டூர்ஜே. இவரும் சோல்ஜர், வக்கீல், தெற்குல ஜட்ஜ், ஆனா பொறந்தது வடக்குல, போருக்கு அப்புறம் நார்த் கரோலினாவுக்கு வந்து க்ளானோட மல்லுக்கட்டினவர். நீதி தேவதைக்கு கண்ணு தெரியாதுன்னு வரைறோம், அவ மகளான சட்டத்துக்கு நிறமாவது தெரியாம இருக்கணும்னு அவர்தான் தன்னோட மனுவுல எழுதினார். ஹார்லனோட புகழ்பெற்ற வரியோட விதை அங்கதான் இருக்கு, டூர்ஜே பேரை யாரும் சொல்றதில்லைங்கிறது எனக்கு ஒரு வருத்தம்.

1896 மே 18, தீர்ப்பு ஏழுக்கு ஒண்ணு, ப்ரூயர்ங்கிற ஜட்ஜ் கலந்துக்கல. மெஜாரிட்டி எழுதின ஹென்றி பில்லிங்ஸ் பிரவுன் மாசச்சூசெட்ஸ்ல பொறந்த வடக்கத்திக்காரர், போருக்குப் போகாம காசு கொடுத்து பதிலாள் அனுப்பினவர். தனிப் பெட்டி இழிவுன்னு கறுப்பர்கள் நினைச்சா அது அவங்க நினைப்புதான், சட்டத்துல இல்லைன்னார். அவர்கூட சேர்ந்தவர்ல எட்வர்ட் ஒயிட், லூயிசியானாக்காரர், தெற்குப் படையில இருந்தவர். எதிர்த்தவர் அடிமை வச்சிருந்த கென்டக்கிக்காரர். தெற்கு கெட்டது வடக்கு நல்லதுன்னு கோடு போட்டுப் படிக்கிறவங்க இந்த இடத்துல மாட்டிக்குவாங்க.

ஹார்லன் என்ன சொன்னார்னா, இந்த சட்டம் எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும், வெள்ளையனை கறுப்பர் பெட்டியில இருந்து காப்பாத்த யாரும் சட்டம் போடல, சமமான வசதிங்கிறது மெல்லிசான முகமூடி, யாரும் இதுல ஏமாற மாட்டாங்க. நம்ம சாசனத்துக்கு நிறம் தெரியாது, குடிமக்கள் நடுவுல வகுப்புன்னு அதுக்கு எதுவும் கிடையாது, சட்டத்துக்கு முன்னாடி எளியவனும் வலியவனும் ஒண்ணுதான். இந்தத் தீர்ப்பு காலப்போக்குல ட்ரெட் ஸ்காட் மாதிரியே நாசம் பண்ணும்னும் எழுதினார். அது அப்படியே நடந்துச்சு, பள்ளிக்கூடத்துல நிறம் பார்த்துப் பிரிக்கிறது செல்லாதுன்னு கோர்ட் சொன்ன 1954 பிரவுன் கேஸ் வரைக்கும் 58 வருஷம். அந்த கேஸை நடத்தின தர்குட் மார்ஷல் மனசு தளர்ற நேரத்துல ஹார்லனோட தீர்ப்பை எடுத்து சத்தமா படிப்பாராம், கூட வேலை செஞ்ச கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி சொல்லியிருக்காங்க. ப்ளெஸ்ஸிக்கு அப்ப 25 டாலர் அபராதம், லூயிசியானா கவர்னர் மன்னிப்பு கொடுத்தது 2022-ல.

இப்ப குழப்பத்தோட மீதி பாதி. அந்த ‘நிறம் தெரியாது’ வரிக்கு சில வரி முன்னாடியே, இந்த நாட்டுல வெள்ளை இனம்தான் தன்னை மேலோங்கின இனமா நினைக்குது, கௌரவத்துலயும் படிப்புலயும் காசுலயும் அப்படித்தான் இருக்கு, சாசனத்தை மதிச்சா எப்பவும் அப்படியே இருக்கும்னு எழுதியிருக்கார். கொஞ்சம் தள்ளி சீனர்களைப் பத்தி ஒரு பத்தி, குடிமக்களாவே ஆக விடாத அளவுக்கு நம்மளை விட வேறுபட்ட இனம், அவன் வெள்ளையர் பெட்டியில உக்காரலாம், நாட்டுக்காக உயிரைப் பணயம் வச்ச கறுப்பன் உக்காரக்கூடாதான்னு. வாதத்துக்கு உதவுச்சு, ஆனா அசிங்கமான பத்தி. அது வாய் தவறினதும் இல்ல, 1898-ல வோங் கிம் ஆர்க் கேஸ்ல, அமெரிக்காவுல பொறந்த சீனர் மகன் அமெரிக்கக் குடிமகன்னு கோர்ட் சொன்னப்ப, இல்லைன்னு சொன்ன ரெண்டு பேர்ல ஹார்லன் ஒருத்தர். 1899-ல கம்மிங் கேஸ்ல, ஜார்ஜியாவோட அகஸ்டா ஊர்ல கறுப்பினப் பிள்ளைகளோட ஹைஸ்கூலை மூடிட்டு வெள்ளையர் ஹைஸ்கூலுக்கு மட்டும் காசு கொடுத்தது தப்பில்லைன்னு ஒருமனதா வந்த தீர்ப்பை எழுதினதே இவர்தான். ப்ளெஸ்ஸி முடிஞ்சு மூணு வருஷம்! கேஸ் போட்ட விதம் சரியில்ல, கேட்ட நிவாரணம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உதவாதுன்னு சில பேர் அவருக்காக சப்பைக்கட்டு கட்டுவாங்க, எனக்கு அது செரிக்கல.

அதனாலதான் நான் மேல சொன்னேன், இவர் மனுஷங்களைப் பத்தின கருத்துல முழுசா மாறினவர் இல்ல. போர் நடந்துச்சு, அதுல ஒரு தீர்ப்பு வந்துச்சு, அது 13, 14, 15-வது திருத்தமா சாசனத்துல ஏறுச்சு, யாருக்காக ஏறுச்சோ அவங்களுக்கு அது கிடைச்சாகணும். சீனர்கள் அந்த ஒப்பந்தத்துல இல்லைன்னு அவர் கண்ணுக்குப் பட்டுச்சு, 14-வது திருத்தத்துல ‘பொறந்த எல்லா நபர்களும்’னு இருக்கு, அதைப் படிச்சிருந்தா அந்த முடிவுக்கு வந்திருக்கக்கூடாது. எழுதினது எழுதினதுதான்னு சொன்னவரே அங்க எழுதினதைப் படிக்கல.

இனப் பிரச்சினை தாண்டியும் இவர் பேர் நிறைய இடத்துல வரும். 1895-ல வருமான வரி செல்லாதுன்னு அஞ்சுக்கு நாலுல கோர்ட் சொன்னப்ப கோபமா எதிர்த்தார், 1913-ல 16-வது திருத்தம் வந்து அவர் பக்கம் சரியாச்சு. 1905-ல பேக்கரி தொழிலாளிக்கு வாரம் 60 மணி நேரம்னு நியூயார்க் போட்ட சட்டத்தைக் கோர்ட் ரத்து பண்ணினப்பவும் எதிர்த்தார். அதே வருஷம் பெரியம்மை தடுப்பூசி போட மறுத்த ஜேக்கப்சன்ங்கிறவருக்கு மாசச்சூசெட்ஸ் போட்ட 5 டாலர் அபராதம் செல்லும்னு மெஜாரிட்டி தீர்ப்பு எழுதினது இவர்தான், கொரோனா சமயத்துல அமெரிக்க கோர்ட்டுங்க எல்லாம் தூசி தட்டி எடுத்த தீர்ப்பு அது. 1908-ல பெரியா காலேஜ் கேஸ், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே காலேஜ்ல படிக்கக்கூடாதுன்னு இவர் சொந்த மாநிலம் கென்டக்கி போட்ட சட்டம், கோர்ட் அதை விட்டுடுச்சு, இவர் கடுமையா எதிர்த்து எழுதினார்.

1906 எட் ஜான்சன் விஷயம் தனியா சொல்லணும். டென்னசியில சட்டனூகா ஊர்ல பொய்யா மாட்டின கறுப்பின இளைஞர், தூக்குத் தண்டனை. நோவா பார்டன்ங்கிற கறுப்பின வக்கீல் வாஷிங்டனுக்கு வந்து ஹார்லன்கிட்ட முறையிட்டார், தூக்கு நின்னுச்சு, சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுத்துக்கிச்சு. அந்தச் செய்தி ஊருக்குப் போன அன்னிக்கு ராத்திரி, மார்ச் 19, ஒரு கும்பல் ஜெயில்ல புகுந்து ஜான்சனை இழுத்துட்டுப் போய் வால்நட் தெரு பாலத்துல தொங்கவிட்டுக் கொன்னுடுச்சு. சுப்ரீம் கோர்ட் தன்னோட உத்தரவை அவமதிச்சதுக்காக ஷெரிஃப் ஷிப்பை விசாரிச்சு 1909-ல குத்தவாளின்னு சொல்லுச்சு, அந்தக் கோர்ட் தன் வரலாற்றுல நடத்தின ஒரே கிரிமினல் விசாரணை இதுதான். ஷிப்புக்கு கிடைச்சது 90 நாள். ஜான்சன் மேல இருந்த தண்டனையை 2000-ல ரத்து பண்ணாங்க.

ஆள் எப்படின்னா, ஆறடிக்கு மேல உயரம், புகையிலை மெல்லுவார், போர்பன் விஸ்கி குடிப்பார், வயசான காலத்துல கோல்ஃப் பைத்தியம், பிரெஸ்பிடேரியன் சர்ச்ல சண்டே ஸ்கூல் வாத்தியார், கடன்ல இருந்து முழுசா மீளவே இல்ல, வருமானத்துக்காகவும் சேர்த்து ரொம்ப வருஷம் சட்டக் கல்லூரியில சாயங்காலம் வகுப்பு எடுத்தார். ஒரு கையில சாசனம் ஒரு கையில பைபிள் வச்சுக்கிட்டு நிம்மதியா தூங்குவார்னு ப்ரூயர் கிண்டல் பண்ணார். கூட இருந்த இன்னொரு ஜட்ஜ் ஹோம்ஸ்க்கு இவர் அறிவு மேல பெரிய மதிப்பு இல்ல. ஹோம்ஸை நான் ரசிக்கிறவன்தான், ஆனா 1903-ல அலபாமா கறுப்பின வாக்காளர்கள் கேஸ்ல அவங்களைக் கைவிட்ட தீர்ப்பை எழுதினவர் ஹோம்ஸ், எதிர்த்தவர்ல ஹார்லன் உண்டு. புத்திசாலித்தனம் மட்டும் பத்தலன்னு அந்த கேஸ் படிக்கும்போது தோணும்.

1911 அக்டோபர் 14-ல இறந்தார். பேரன், அதே பேர்ல ஜான் மார்ஷல் ஹார்லன், 1955-ல அதே கோர்ட்டுக்கு ஜட்ஜா வந்தார், தேடும்போது ரெண்டு பேரையும் குழப்பிக்காதீங்க.

நேரடியா படிக்கணும்னா ப்ளெஸ்ஸியில ஆரம்பிக்காதீங்க. அந்த ஒரு வரியை 2023 ஹார்வர்ட் அட்மிஷன் கேஸ்ல ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டாங்க, இட ஒதுக்கீடு மாதிரி எதுவுமே கூடாதுன்னு சொன்ன பக்கமும், ஹார்லன் எதிர்த்தது சாதி மாதிரி அடுக்கி வைக்கிற சட்டத்தைன்னு சொன்ன பக்கமும். அவர் 1883-ல எழுதினதைப் படிச்சவங்களுக்குத் தெரியும், விடுதலை ஆனவங்களுக்குன்னே காங்கிரஸ் போட்ட சட்டத்தை அவர் காப்பாத்த நின்னவர். முதல்ல அதைப் படிங்க, நீளமா இருக்கும், ப்ரிக் கேஸ் வர்ற பகுதியை மட்டும் விட்டுடாதீங்க. அப்புறம் ப்ளெஸ்ஸி, அப்புறம் கம்மிங், அது சில பக்கம்தான்.